மருந்து ஸ்டோரில் ஒரு பிள்ளைக்காம்பரா

முகமூடி மாட்டிக்கொண்டு முழங்காலில் நின்றிருந்தேன். கண்ணாடியின் உட்பக்கம் மூச்சுப் பட்டு வெளுத்திருந்தது. கையில் கொங்கிரீட் துளைக்கும் டிரில். அது தரைக்குள் இறங்கும்போதெல்லாம் என் பற்கள் வரை அதிர்ந்தன. சாம்பல் நிறத் தூள் கிளம்பிக் கையுறையில் படிந்தது. அந்தத் தூளைப் போத்தல்களில் அடைத்துக் கொழும்புக்குக் கொண்டுபோவதற்காகத்தான் வந்திருந்தோம்.

இரத்தோட்டையைத் தாண்டி ரிவர்ஸ்டன் பக்கமாக ஏறும் மலையில் இருந்தது அந்தத் தோட்டம். காலையிலிருந்து மூடியிருந்த பனி அப்போதுதான் தகரக் கூரையை விட்டு நகர ஆரம்பித்திருந்தது. கொழுந்து நிறுத்துவிட்டுத் திரும்பிய பெண்கள் வேலிக்கு அப்பால் கூடி நின்று எங்களை வேடிக்கை பார்த்தார்கள்.

முகமூடிக்குள் ரப்பர் வாசம் மட்டும்தான் வரும். ஆனால் கதவைத் திறந்த உடனே, அதை மாட்டுவதற்கு முன், வேறொரு வாசம் என் மூக்கில் ஏறியிருந்தது. லேசாக இனித்து, பிறகு தொண்டையின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும் வாசம். பூட்டி வைத்த அலுமாரியில் பழைய மாத்திரைகள் கரைந்து கிடந்தால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

“மிஸ், உள்ளுக்கு என்னமும் செத்துக் கெடக்கா? ஏன் இப்பிடி வேஷம் கட்டிக்கிட்டு வந்திருக்கீங்க?”

வேலிக்கு அப்பாலிருந்து கேட்டவர் செல்வராணி. தாய்மார் மலைக்கு வேலைக்குப் போனதும் அவர்களுடைய கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவுக்குப் பொறுப்பானவர். என் வயதுதான் இருக்கும். மற்றப் பெண்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. உண்மையிலேயே பதில் வேண்டித்தான் கேட்டிருந்தார்.

அவருக்குத் தெரிய வேண்டிய விஷயம்தான் அது. நான் துளை போட்டுக்கொண்டிருந்த கட்டடம் பல காலமாகத் தோட்டத்தின் மருந்து ஸ்டோராக இருந்தது. தேயிலைக்கு அடிக்கும் பூச்சி மருந்துகளை அங்கேதான் அடுக்கி வைத்தார்கள், கலக்கினார்கள், சிந்தினார்கள். பிறகு பூட்டி விட்டார்கள். இப்போது அதையே புதுப் பிள்ளைக்காம்பராவாக மாற்றப் போகிறார்கள். வெளிநாட்டு உதவி நிறுவனம் ஒன்று செலவை ஏற்றிருந்தது. கட்டடம் பாதுகாப்பானது என்று தேசிய ஆய்வுகூடம் சான்று கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் போட்ட நிபந்தனை.

அந்தச் சான்றுக்காக ஆய்வுகூடம் அனுப்பிய இரண்டு பொறியியலாளர்களில் ஒருத்தி நான்.

பெயின்ட் கடைக்காரர் மகள்

இந்தத் தொடரில் சென்ற வாரம், நான் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறிய நாளோடு நிறுத்தியிருந்தேன். அதைப் படித்த வாசகி ஒருவர், “பெண்பிள்ளை எதற்காக நஞ்சோடு மல்லுக்கட்டும் வேலைக்குப் போனீர்கள், ஆசிரியையாகப் போயிருக்கலாமே” என்று கேட்டிருக்கிறார். என் அம்மாவும் இதையேதான் கேட்டார். அம்மாவுக்குச் சொல்லாத பதிலை உங்களுக்குச் சொல்கிறேன்.

அப்பா மாத்தளை நகரத்தில் ஒரு பெயின்ட் கடையில் நிறம் கலந்து கொடுத்தார். கதவில்லாத பின்னறை அது. நாள் முழுக்க அங்கே நின்று கலக்கிவிட்டு, டர்பன்டைனில் கை கழுவி, அதற்கு மேல் சவர்க்காரம் போட்டு வீட்டுக்கு வருவார். நடுவயதிலேயே அவருக்கு மோப்பம் போய்விட்டது.

அது எப்போது போனது என்று அவருக்கே தெரியாது. ஒருநாள் அடுப்பில் கருவாடு கருகி வீடு முழுக்கப் புகைந்தது. அம்மா கிணற்றடியிலிருந்து ஓடி வந்தபோது அவர் குசினிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். சாம்பிராணி, மல்லிகை, கருகிய கருவாடு எல்லாம் அவருக்கு அன்றிலிருந்து ஒன்றுதான்.

சாப்பிட உட்கார்ந்ததும் என்னிடம், “இன்னிக்கி என்னா கொழம்புன்னு சொல்லு, நெனச்சிக்கிட்டுச் சாப்புடுறேன்” என்பார். பகிடியாகத்தான் சொல்வார். நான் ஒவ்வொரு கறியாகச் சொல்வேன். அவர் தலையாட்டிக்கொண்டு சாப்பிடுவார்.

கடைக்காரர் அவருக்கு வாயில் கட்டிக்கொள்ள ஒரு துணிகூடக் கொடுத்ததில்லை. அது ஒரு பாதிப்பு என்று யாரும் சொன்னதும் இல்லை. வயதானால் அப்படித்தான் என்றார்கள். ஒரு மனிதனின் புலன்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு அதற்குப் பெயர்கூட வைக்காமல் விடலாம் என்பது எனக்குச் சின்ன வயதிலேயே தெரிந்துவிட்டது. இரசாயனப் பொறியியல் படித்தேன். தேசிய ஆய்வுகூடத்தின் அபாயப் பொருட்கள் பிரிவுக்கு ஆள் கேட்டபோது முதல் ஆளாக விண்ணப்பித்தேன்.

நாக்குக்காக எடுத்த பொறியியலாளர்

ஆய்வுகூடம் கொழும்புக்கு வெளியே இருந்தது. அகன்ற புல்வெளியும் வெள்ளைக் கட்டடங்களும். எங்கள் பிரிவு மட்டும் கடைசியில், மதிலோடு ஒட்டி. ஏதாவது வெடித்தால் மற்றவர்கள் தப்பிக்கட்டும் என்றுதான் அங்கே வைத்தார்கள் என்று எல்லோரும் சிரிப்பார்கள். அது சிரிக்க வேண்டிய விஷயமே இல்லை. கட்டட வரைபடம் போட்டவர் அதையேதான் நினைத்திருந்தார்.

எங்காவது அமிலம் ஏற்றிய பவுசர் கவிழும். தொழிற்சாலையில் வாயு கசியும். ஒரு பாடசாலை ஆய்வுகூடத்தின் அலுமாரியில் யாரும் தொடாத போத்தல் ஒன்று வெடிக்கும் நிலைக்கு வந்திருக்கும். அங்கெல்லாம் நாங்கள் போவோம். என்ன பொருள், எவ்வளவு ஆபத்து, எப்படி அகற்றுவது, அகற்றியதை எங்கே கொண்டுபோவது. இதுதான் தொழில். நான் அந்தத் தொழிலை மிகவும் நேசித்தேன். கசப்பாக எழுதுகிறேன் என்பதற்காக அதை மறைக்க மாட்டேன்.

உடுப்புகள் வெளிநாட்டிலிருந்து வந்தவை, உயரமான ஆண்களுக்குத் தைத்தவை. நான் கால்சட்டையின் நுனியை மடித்து டேப் சுற்றிக் கட்டுவேன். முகமூடி என் முகத்துக்குப் பெரிது. சின்ன அளவில் ஒன்று வேண்டும் என்று கேட்டபோது, ஒருத்திக்காகத் தனியாக ஓடர் போட முடியாது என்று பதில் வந்தது.

கரையோர ஊர் ஒன்றில், ஐஸ் தொழிற்சாலையில் அமோனியா கசிந்த அன்று அந்த முகமூடி என் முகத்தை விட்டு நழுவியது. கண்ணில் தீ வைத்தது போல இருந்தது. எந்தப் பக்கம் கதவு என்று தெரியவில்லை. பின்னாலிருந்து ஒரு கை வந்து முகமூடியை என் முகத்தோடு சேர்த்து அழுத்தியது. அந்தக் கை அப்படியே பிடித்தபடி என்னை வெளியே நடத்திக் கொண்டுவந்து வெயிலில் உட்கார வைத்தது.

அது நிஸ்தார். என் பிரிவில் இருந்த இளைய பொறியியலாளர். பல்லேபொலைப் பக்கம் வீடு, மிளகுக்கொடியும் கொஞ்சம் வயலும் உள்ள முஸ்லிம் குடும்பம். எங்கள் பிரிவில் தமிழ் பேசியவர்கள் நாங்கள் இருவர்தான். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் கொழும்பிலிருந்து மாத்தளைக்கு ஒரே பஸ்ஸில் வருவோம். அவர் உம்மா எனக்கென்று தொதல் இனிப்புக் கட்டிக் கொடுத்து அனுப்புவார்.

மலைநாட்டிலோ கிழக்கிலோ வேலை வந்தால் என்னைக் கட்டாயம் ஏற்றிக்கொள்வார்கள். வாகனத்தில் ஏறியதும் எங்கள் பிரிவுத் தலைவர், நாங்கள் ‘டொக்டர்’ என்று அழைத்தவர், “சாரதா, அங்கே போய் அவர்களிடம் பேச வேண்டியது உங்கள் பொறுப்பு” என்று சிங்களத்தில் சொல்வார். நான் பேசுவேன். மாதிரி எடுப்பேன். பரிசோதிப்பேன். அறிக்கையும் எழுதுவேன். அச்சாகி வரும்போது முதல் பக்கத்தில் அவர் பெயர் இருக்கும். என் பெயர் நன்றி சொல்லும் இடத்தில் வரும், “மொழி உதவி” என்று.

தரைக்குள் போன மருந்து

தோட்டத்திலிருந்து கொண்டுவந்த தூளை நானும் நிஸ்தாரும்தான் பரிசோதித்தோம். முதல் மாதிரியின் முடிவு வந்ததும் இயந்திரத்தில் கோளாறோ என்று சந்தேகப்பட்டு மறுபடியும் போட்டோம். கோளாறில்லை. அடுத்தது அதைவிட மோசம்.

தேயிலைக் கிளையைத் துளைக்கும் வண்டுக்கு ஒரு காலத்தில் அடித்த மருந்து அது. நாட்டில் தடைசெய்து எத்தனையோ காலமாகிவிட்டது. தடைசெய்தால் மருந்துக்குத் தெரியுமா? அது கெட்டுப்போவதில்லை, கரைந்து போவதில்லை. சிந்திய இடத்தில் சீமெந்துக்குள் இறங்கி அங்கேயே இருக்கும். பெரியவர்கள் செருப்போடு நடந்து போனால் அவ்வளவு தெரியாது. ஆனால் கைக்குழந்தை தவழும். தரையில் கையை வைக்கும், அதே கையை வாயில் வைக்கும். நாள் முழுக்க அதைத்தான் செய்யும். அந்த மருந்து போய்ச் சேரும் இடம் நரம்பு.

தரையையும் சுவரின் அடிப்பூச்சையும் உடைத்து, இடிபாட்டை அபாயக் கழிவாகக் கொண்டுபோக வேண்டும், முடியாவிட்டால் வேறிடத்தில் கட்ட வேண்டும் என்று அறிக்கை எழுதினேன். டொக்டர் அதை நின்றபடியே வாசித்தார்.

“திறப்பு விழாவுக்கு நாள் வைத்துவிட்டார்கள். நன்றாகக் கழுவி, மேலே சீமெந்து பூசி, பெயின்ட் அடித்தால் போதும் என்று மாற்றுங்கள்.”

“சீமெந்துப் பூச்சு வெடிக்கும், சேர். குழந்தைகள் இருக்கும் இடத்தில் தரை தேயும். அடியில் இருப்பது மேலே வரும்.”

“எப்போது வரும்?”

“எப்போது வந்தாலும் குழந்தைகள் அங்கேதான் இருப்பார்கள்.”

அவர் அறிக்கையை மேசையில் வைத்தார். கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. “உங்கள் ஆட்கள் என்பதால் நீங்கள் உணர்ச்சிவசப்படுகிறீர்கள். அது இயல்பு. ஆனால் விஞ்ஞானம் அப்படிப் பார்க்காது” என்றார்.

என் பட்டம், என் அனுபவம், அமோனியாவில் வெந்த என் கண், எல்லாவற்றையும் அவர் அந்த ‘உங்கள் ஆட்கள்’ என்ற இரண்டு சொல்லில் கழித்துவிட்டார். கையெழுத்துப் போட முடியாது என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

கன்டீன் மேசை

சான்றில் பரிசோதித்த பொறியியலாளர் ஒருவரின் கையெழுத்து வேண்டும். நான் இல்லையென்றால் இன்னொருவர். அதை நான் யோசிக்காமல் இல்லை. நிஸ்தார் போடமாட்டார் என்று நம்பினேன்.

கன்டீனில் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தவர் தேநீரைத் தொடவே இல்லை.

“நான் சைன் பண்ணிட்டேன், சாரதா.”

அவராகவே தொடர்ந்தார்.

“எனக்கு இன்னும் பேர்மனன்ட் ஆகல்ல. வருஷா வருஷம் கொன்ட்ராக்ட். ரெண்டு புள்ளையும் ஸ்கூல் போற. வாப்பாவுக்கு ஒப்பரேஷன். நீங்க பேர்மனன்ட், ஒங்களுக்கு மாட்டேன்னு சொல்லேலும். நான் என்ன செய்ற?”

“ரிசல்ட்ட நீங்களும்தான பாத்தீங்க, நிஸ்தார்.”

“பாத்தேன்.”

“பொறகு?”

“பொறகு ஒண்ணுமில்ல. சைன் பண்ணிட்டேன்.”

திட்டியிருந்தால் எங்கள் இருவருக்கும் சுலபமாக இருந்திருக்கும். நான் எழுந்து வந்துவிட்டேன். அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து வேறு பஸ்ஸில் வந்தேன்.

மொழிபெயர்ப்பு

கதை அதோடு முடிந்திருக்கும். ஆனால் தோட்டத்துப் பெண்கள் சந்தேகப்பட ஆரம்பித்திருந்தார்கள். முகமூடி போட்ட ஆட்கள் வந்து தரையைத் தோண்டிப் போன கட்டடத்தில் பிள்ளைகளை விடலாமா என்று செல்வராணி கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். ஆய்வுகூடம் நேரில் வந்து விளக்கிச் சொன்னால் நல்லது என்று தோட்டத்தை நிர்வகிக்கும் துரை கேட்டுக்கொண்டார்.

யார் விளக்குவது? “என்ட தமிழ் அவங்களுக்குச் சரியா வெளங்காது” என்று நிஸ்தார் ஒதுங்கிக்கொண்டார். நான் எதில் கையெழுத்துப் போட மறுத்தேன் என்பது டொக்டருக்கு மறந்துபோகவில்லை. ஆனால் மொழிபெயர்ப்பதற்குக் கையெழுத்து தேவையில்லை அல்லவா? அவர் சொல்வதை நான் தமிழில் சொன்னால் போதும். என்னை அழைத்தார்.

நான் போனேன்.

கட்டடம் அடையாளம் தெரியாமல் மாறியிருந்தது. சுவரெல்லாம் இளம் மஞ்சள். யானை, முயல், வண்ணத்துப்பூச்சி, பெரிய எழுத்தில் அ, ஆ. புதுச் சீமெந்துத் தரை பளபளத்தது. வாசலில் கதிரைகள் போட்டிருந்தார்கள். பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள், செல்வராணி முன்னால் நின்றார். மருந்து வாசம் இல்லை, பெயின்ட் வாசம்தான். பெயின்ட் வாசம் எதையெல்லாம் மூடும் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

டொக்டர் எழுந்து சுருக்கமாகப் பேசினார். கட்டடத்தை நவீன முறையில் பரிசோதித்தோம், சுத்தம் செய்துவிட்டோம், குழந்தைகளுக்கு எந்த ஆபத்தும் இல்லை. பேசிவிட்டு என்னைப் பார்த்தார்.

“சேர் சொல்றாரு,” என்று தொடங்கினேன். “இந்தக் கட்டடத்தப் பரிசோதிச்சாச்சு, சுத்தமாக்கியாச்சு, புள்ளைங்களுக்கு ஒரு பயமும் இல்லன்னு சொல்றாரு. இது சேர் சொல்றது. இப்ப நான் சொல்றேன். பரிசோதிச்சது நான்தான். இந்தத் தரைக்குள்ள மருந்து இருக்கு. கழுவினா போகாது. மேல சீமெந்து பூசினாலும் போகாது. புள்ளைங்கள இதுல தவழ விடாதீங்க.”

ஒரு பெண் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். செல்வராணி மட்டும் கேட்டார்.

“இப்ப இருக்கிற காம்பரா ஒழுகுது மிஸ். மழை வந்தா புள்ளைங்களத் தூக்கிக்கிட்டு மூலையில நிக்கிறேன். அதுக்கு என்னா செய்யச் சொல்றீங்க?”

“வேற எடத்துல கட்டித் தரச் சொல்லிக் கேளுங்க. அது ஒங்க உரிமை.”

எவ்வளவு லேசாக அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்தது.

டொக்டருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் துரைமாருக்குத் தோட்டத் தமிழ் தெரியும். துரையின் முகம்தான் முதலில் மாறியது. டொக்டர் நிஸ்தாரிடம் குனிந்து, “என்ன சொல்கிறார்?” என்று கேட்டது எனக்குக் கேட்டது. நிஸ்தார் தரையைப் பார்த்தபடி, “விளக்கம் சொல்கிறார், சேர்” என்றார்.

பெண்கள் ஒவ்வொருவராகக் கலைந்து மலைக்குப் போனார்கள். வந்தவர்களுக்குக் கொடுப்பதற்காக வெட்டி வைத்திருந்த கேக்கை ஈ மொய்த்தது.

நீலத் தாள், சிவப்புத் தாள்

துரை முறைப்பாடு அனுப்பினார். விசாரணை வைத்தார்கள். மூன்று பேர் கொண்ட குழு. அதில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. நான் தோட்டத்தில் பேசியதைச் சொல்லுக்குச் சொல் சிங்களத்தில் சொல்லும்படி நிஸ்தாரை அழைத்தார்கள்.

அவர் சொன்னார். பிழையே இல்லை. ஒரு சொல்லும் கூட்டவில்லை, ஒரு சொல்லும் குறைக்கவில்லை. “இது சேர் சொல்றது, இப்ப நான் சொல்றேன்” என்ற இடத்தில் நான் விட்ட இடைவெளியைக்கூட அவர் விட்டார். என் தமிழை அவ்வளவு கவனமாகக் கேட்டவர் வேறு யாரும் இல்லை.

நான் சொன்னது உண்மையா பொய்யா என்று அந்தக் குழு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சொல்ல அனுமதி இருந்ததா என்று மட்டும் கேட்டார்கள்.

பதவியுயர்வு நின்றது. அபாயப் பொருட்கள் பிரிவிலிருந்து எடுத்து, வாசலுக்குப் பக்கத்தில் இருந்த அறிவியல் காட்சிக்கூடத்தில் போட்டார்கள். “நீங்கள் மக்களோடு நன்றாகப் பேசுகிறீர்கள்” என்றார் டொக்டர். அதைச் சொல்லும்போதும் அவர் முகத்தில் கோபம் இல்லை.

அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை பாடசாலைப் பிள்ளைகளுக்கு லிட்மஸ் தாளை நனைத்துக் காட்டினேன். எலுமிச்சம்பழச் சாற்றில் நீலம் சிவப்பாகும், சவர்க்காரத் தண்ணீரில் சிவப்பு நீலமாகும். பிள்ளைகள் வாய் பிளந்து பார்க்கும். ‘அபாயம்’, ‘தொடாதே’, ‘முகமூடி அணியவும்’ என்ற பதாகைகளைத் தமிழில் பெயர்ப்பதற்கும் என்னைக் கூப்பிட்டார்கள். அதில் எனக்கு நல்ல கைதேர்ச்சி என்று பாராட்டினார்கள்.

தோட்டத்தில் என்ன நடந்தது என்பதை உதிரி உதிரியாகத்தான் கேள்விப்பட்டேன். மாத்தளை பஸ் நிலையத்தில் யாராவது சொல்வார்கள். தாய்மார் ஒருவரும் பிள்ளைகளைப் புதுக் கட்டடத்துக்கு அனுப்பவில்லையாம். உதவி நிறுவனம் சலித்துப்போய்ப் பணத்தை வேறு மாவட்டத்துக்குக் கொண்டுபோய்விட்டதாம். வேறிடத்தில் கட்டித் தரும்படி கேட்டுப் பார்த்தார்களாம். நல்ல கட்டடம் சும்மா கிடக்கிறதே, சான்றும் இருக்கிறதே என்று பதில் வந்ததாம். பழைய பிள்ளைக்காம்பராவின் கூரை ஒரு மழையில் விழுந்தது. பிறகு பிள்ளைக்காம்பராவே இல்லை.

கார்பட்

ஓய்வு பெற்று மாத்தளைக்கே திரும்பி வந்துவிட்டேன். அண்மையில் ஒரு வேலையாக இரத்தோட்டைக்குப் போயிருந்தேன். பஸ் நிலையத்தில் ஒரு பெண் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். தலை நரைத்திருந்தது, கன்னம் ஒட்டியிருந்தது.

“வேஷம் கட்டிக்கிட்டு வந்த மிஸ்தானே நீங்க?”

செல்வராணி. என் கையைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து ஒரு வாய் தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். வழியில் தன் கதையைச் சொன்னார். பிள்ளைக்காம்பரா இல்லாமல் போனதும் அவரைக் கொழுந்தெடுக்க அனுப்பிவிட்டார்கள். கணவர் இறந்துவிட்டார். மகள் கொழும்பில் ஆடைத் தொழிற்சாலையில். மகளின் குழந்தை இவரிடம்.

“ஒங்க மேல அப்ப கோவம், மிஸ். பொய் சொல்ல மாட்டேன். சும்மா இருந்திருந்தா புள்ளைங்களுக்கு ஒரு கூரை கெடச்சிருக்கும்னு எல்லாரும் பேசினாங்க. நானும்தான் பேசினேன்.”

மேலே ஏறிக்கொண்டிருந்தோம். இரண்டாவது வளைவு தாண்டியதும் எங்கே போகிறோம் என்று எனக்கு விளங்கிவிட்டது. கால் தயங்கியது. அவர் அதைக் கவனித்தார்.

“ஆமாங்க. அங்கதான் இருக்கோம்.”

மண் சரியும் அபாயம் என்று அவர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளிலிருந்து எல்லோரையும் வெளியேறச் சொன்னார்களாம். எங்கே போவது என்று கேட்டதற்கு, சும்மா கிடந்த அந்தக் கட்டடத்தைத் திறந்து விட்டார்களாம். தற்காலிகமாகத்தான். பாதுகாப்பான கட்டடம் என்று சான்று இருந்தது. தகரம் வைத்துத் தடுத்துச் சில குடும்பங்களைப் போட்டார்கள். மற்றவர்கள் எப்படியோ வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். இவருக்குப் போக இடமில்லை.

உள்ளே சுத்தமாக இருந்தது. தரையில் பூப்போட்ட பிளாஸ்டிக் கார்பட் விரித்திருந்தார். குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்த கீழ் லயத்துப் பெண் ஒருத்தி எங்களைக் கண்டதும் எழுந்து போனாள். குழந்தைக்கு ஒரு வயதுதான் இருக்கும். கார்பட்டின் கிழிந்த ஓரத்தைக் கையால் உயர்த்தி, அடியிலிருந்த சீமெந்துப் பொருக்கை விரலால் நோண்டிக்கொண்டிருந்தது.

செல்வராணி தேநீரை என் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டார்.

“இத்தன வருஷமாச்சே மிஸ். இப்ப சரியாகியிருக்கும்ல?”

முன்பு ஒருமுறை இதே இடத்தில் உண்மையைச் சொன்னேன். அதனால் யாருக்கு என்ன கிடைத்தது என்று அந்த அறையே எனக்குக் காட்டிக்கொண்டிருந்தது. ஆனாலும் குழந்தையின் விரல் வாய்க்குப் போய்க்கொண்டிருந்தது.

“இல்லீங்க. அது அப்பிடிச் சரியாகாது.”

அவர் குனிந்து பேத்தியைத் தூக்கி, அதன் கையை முந்தானையால் துடைத்து, இடுப்பில் வைத்துக்கொண்டார்.

“அப்ப எங்க போறது மிஸ்?”

போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். முற்றத்தின் ஓரத்தில் நின்றால்தான் சிக்னல் வரும் என்று செல்வராணி சொன்னார். நிஸ்தாரை அழைத்தேன். இப்போது அந்தப் பிரிவின் தலைவர் அவர்தான். பல காலத்துக்குப் பிறகு என் குரலைக் கேட்டு உண்மையாகவே சந்தோஷப்பட்டார். நல்லமா ஈக்கிறீங்களா என்று கேட்டார். எங்கே நிற்கிறேன் என்று சொன்னேன்.

“தோட்டத்தால எழுத்துல கேட்டா ஆக்கள அனுப்பேலும்,” என்றார்.

“தோட்டம் ஏன் கேக்கும்? அவங்ககிட்டதான் நீங்க குடுத்த ரிப்போர்ட் இருக்கே.”

“அதுதான் பிரச்சின, சாரதா. ஒண்ணுமில்லன்னு எங்கட ரிப்போர்ட்டே ஈக்கக்குள்ள, என்ன காரணம் சொல்லித் திரும்ப டெஸ்ட் பண்ற?”

“அந்த ரிப்போர்ட் பிழைன்னு எழுதுங்க.”

மலைக்கு மேலே பனி இறங்கிக்கொண்டிருந்தது. கீழே எங்கோ கொழுந்து லொறி ஒன்று மூச்சு வாங்கி ஏறியது.

“கேக்கல்ல சாரதா. லைன் கட்டாகுது,” என்றார் நிஸ்தார்.

அவர் மூச்சு விடுவதுகூட எனக்குத் தெளிவாகக் கேட்டது.

திரும்பி உள்ளே வந்தேன். செல்வராணி நின்ற இடத்திலேயே நின்றிருந்தார்.

“என்னா சொன்னாங்க?”

“இங்க ஒண்ணுமில்லன்னு முந்தி எழுதினத மாத்த மாட்டாங்க போல.”

“சரிங்க,” என்றார். அதைச் சொன்ன விதத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை. “தேத்தண்ணி ஆறிப்போச்சு. வேற ஊத்தவா?”

வேறு இடம் கேட்டு மனு எழுதித் தருகிறேன், பிரதேச செயலகத்துக்கு நானே கொண்டுபோகிறேன் என்றேன். தலையாட்டினார். பிறகு அதைக் கொண்டுபோயும் கொடுத்தேன், பதில் இன்னும் வரவில்லை. அன்று குழந்தை இறங்க வேண்டும் என்று காலை உதைத்து அழுதது. அவர் இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினார். நான் இருந்த நேரம் முழுக்க இறக்கவே இல்லை.

படியிறங்கித் திரும்பிப் பார்த்தேன். வாசலில் பேத்தியை ஏந்தியபடி நின்று எனக்குக் கையசைத்தார். பின்னால் அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது, வாளியில் துணி ஊறிக்கொண்டிருந்தது. அடுத்த நாள் காலை மலைக்குப் போக வேண்டும். நான் வளைவில் மறைந்ததும் குழந்தையைத் தரையில் இறக்கிவிட்டிருப்பார். எவ்வளவு நேரம்தான் ஒருவர் கையிலேயே வைத்திருக்க முடியும்?